ரிப்பனுக்குக் கீழே

எங்கள் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறவள் நான். முறுக்கு மீசை வைத்த ஆம்பிளைகள் ஊசியைப் பார்த்ததும் "தோ, தண்ணி குடிச்சிட்டு வந்துடறேன்" என்று நழுவுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு உலகத்தில் யார் மேலும் பயம் விட்டுப் போய்விட்டது. கதவில் 'பரிசோதனைக் கூடம்' என்று பெரிதாகப் போர்டு இருக்கிறது. ஆனால் பல வருஷமாக உள்ளே நடந்த வேலைக்கு அந்தப் பெயர் கொஞ்சம் ஓவர். ஒரு மைக்ராஸ்கோப், சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் கலர் பட்டைகள், ஒரு ரப்பர் ஸ்டாம்ப். இவ்வளவுதான் என் சொத்து. இதில் ராப்பகலாக உழைத்தது ஸ்டாம்ப்தான். 'வெளியில் பார்க்கவும்' என்று அதில் இருக்கும்.

டாக்டர் என்ன டெஸ்ட் எழுதினாலும் சீட்டு என்னிடம் வரும். தைராய்டா, ஒரு குத்து. கிட்னியா, ஒரு குத்து. ரத்தத்தில் எத்தனை அணு என்று எண்ண வேண்டுமா, அதற்கும் ஒரு குத்து. வெளியில் என்றால் வாசல் திண்டைத் தாண்டி அல்ல, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தூரம். சீட்டை வாங்கிக்கொண்டு போகிறவர்களில் பாதிப் பேர் முதல் பஸ் ஸ்டாப்பிலேயே மனசு மாறி வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். வியாதி மட்டும் மனசு மாறாது.

அப்படிப்பட்ட எங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒருநாள் மெஷின் வந்தது. ஒன்றல்ல, இரண்டு. சின்னது ரத்த அணுக்களை எண்ணும். பெரியது சர்க்கரை, கிட்னி, ஈரல், தைராய்டு என்று மற்ற எல்லா வண்டவாளத்தையும் சொல்லிவிடும். எல்லா அரசு ஆஸ்பத்திரியிலும் முக்கியமான டெஸ்ட்டுகள் இருக்கத்தான் வேண்டும் என்று மேலே யாரோ புண்ணியவான் முடிவெடுத்திருந்தார். இன்ஜினீயர் வந்து பொருத்தி, எனக்கு ஒரு வாரம் பாடம் நடத்தி, சாம்பிள் போட்டுக் காட்டி, எல்லாம் சரி என்று கையெழுத்தும் போட்டுவிட்டுப் போனார். நான் புதுப் பெண்ணைப் பார்ப்பது மாதிரி இரண்டையும் பார்த்துக்கொண்டே நின்றேன்.

அப்புறம்தான் மேலதிகாரி வந்தார். கையில் கத்தரிக்கோல், சிவப்பு ரிப்பன். சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்து திறந்து வைக்கப் போகிறாராம். லேப் வாசலில் குறுக்கே ரிப்பனை அவரே தன் கையால் கட்டினார். விருந்தினர் குள்ளம், போட்டோவில் ரிப்பன் முகத்தை மறைத்துவிடக் கூடாது என்று நல்ல தாழ்வாகக் கட்டினார். நாற்காலி போட்டோம். டீ போட்டோம். பிஸ்கட் நமுத்துப் போனது. விருந்தினர் வரவில்லை.

"அவசர வேலையாம். அடுத்த வாரம் கண்டிப்பா வராரு. அதுவரைக்கும் யாரும் ரிப்பன்ல கை வைக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு மேலதிகாரி ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வாரமும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மெஷின்கள் உள்ளே பிளாஸ்டிக் போர்வையைப் போர்த்திக்கொண்டு தூங்கின. நான் வராந்தாவில் ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு ஸ்டாம்ப் குத்தினேன். முதுகுக்குப் பின்னால் மெஷினை வைத்துக்கொண்டு 'வெளியில் பார்க்கவும்' என்று குத்துவது எவ்வளவு கடுப்பான வேலை தெரியுமா? எனக்கு வந்த கோபத்தில் மேஜையே ஆடும்.

இந்த நேரத்தில்தான் என் நாத்தனார் வந்து சேர்ந்தாள். அவள் புருஷனுக்குக் கப்பலில் வேலை. வயிற்றில் பிள்ளை உண்டாகியிருந்ததால் அண்ணன் வீட்டில், அதாவது என் வீட்டில், இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது. அவளைப் பற்றி ஒரே வரியில் சொல்வதென்றால், "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற ரகம். எங்கள் இருவருக்கும் முக்கியமான பகை ஃபேன். அவளுக்கு ஃபேன் முழு வேகத்தில் ஓடினால்தான் மூச்சே வரும். எனக்கோ இரண்டில் வைத்தாலே தும்மல். ஹாலில் உட்கார்ந்து அவள் ஏற்றுவாள், நான் குறைப்பேன். என் வீட்டுக்காரர் நடுவில் உட்கார்ந்து பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

இது அவளுக்கு இரண்டாவது கர்ப்பம். முதல் குழந்தை தங்கவில்லை. அப்போதும் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வந்தாள், நானும் மற்றவர்களுக்குப் போலவே சீட்டில் குத்திக் கொடுத்தேன். இன்றைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று சீட்டு அவள் கைப்பைக்குள்ளேயே கிடந்தது. போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் தப்பில்லை, என் தப்பும் இல்லை. இங்கே மெஷின் இல்லை, அவ்வளவுதான். அதைப் பற்றி மட்டும் அவள் ஒருநாளும் "நான் ஒண்ணும் சொல்லலப்பா" என்று ஆரம்பித்ததே இல்லை. அதுதான் எனக்கு நெஞ்சை அறுக்கும்.

எங்கள் டாக்டரம்மா சின்ன வயசு, நல்ல உயரம், நிலைப்படிக்கு நிலைப்படி தலையை இடித்துக்கொள்வாள். நாத்தனாரின் கண் இமையை இழுத்துப் பார்த்தவள் முகம் மாறிவிட்டது.

"வெளுத்துப் போயிருக்கே. ரத்தம் எவ்வளவு இருக்குன்னு உடனே தெரியணும். சர்க்கரை, தைராய்டும் பாத்துடலாம். இன்னைக்கே."

சீட்டு என் மேஜைக்கு வந்தது. பழக்க தோஷத்தில் என் கை ஸ்டாம்ப்பை எடுத்துவிட்டது. நாத்தனார் ஸ்டாம்ப்பைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. நான் ஸ்டாம்ப்பை டொக்கென்று டிராயருக்குள் போட்டு மூடினேன்.

"டாக்டரம்மா, மெஷின் உள்ள இருக்கு. அதுக்கு ஊத்தற மருந்தெல்லாம் ஃப்ரிட்ஜ்ல இருக்கு. இப்பிடியே விட்டா அதுவும் காலாவதியாயிடும்."

"கூடவே கூடாது" என்று மருந்து ஜன்னலிலிருந்து ஒரு தலை நீண்டது. எங்கள் மருந்தாளர். நாங்கள் வைத்த பெயர் சுற்றறிக்கை. தும்முவதற்கு முன்னால்கூட அதற்கு ஒரு சுற்றறிக்கை இருக்கிறதா என்று யோசிக்கிற மனுஷன். "சார் என்ன சொல்லிட்டுப் போனாரு? ரிப்பன்ல கை வைக்கக் கூடாது. நானே என் காதால கேட்டேன்."

டாக்டரம்மா எழுந்து லேப் வாசலுக்குப் போனாள். ரிப்பனைப் பார்த்தாள். அவ்வளவு உயரத்தையும் மடக்கிக் குனிந்து, ரிப்பனுக்குக் கீழே புகுந்து உள்ளே போய் நிமிர்ந்தாள். வழக்கம்போல் அங்கே தொங்கிய பல்பில் இடித்துக்கொண்டாள்.

"கை வெச்சேனா?" என்றாள் தலையைத் தேய்த்தபடி.

"வைக்கல" என்றார் சுற்றறிக்கை. பொய் சொல்லத் தெரியாத ஆள்.

அப்புறமென்ன, நான் குனிந்தேன். என் பின்னால் நாத்தனார் குனிந்தாள். உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து ரத்தம் எடுத்தேன். சின்ன மெஷின் உறுமி, கொஞ்ச நேரத்தில் சீட்டைத் துப்பியது. ரத்தம் பாதிதான் இருந்தது. பாதி ரத்தத்தோடுதான் அந்த மகராசி என்னிடம் இத்தனை சண்டை போட்டிருக்கிறாள். அன்றைக்கே இரும்புச் சத்து ஊசியை ஏற்ற ஆரம்பித்தோம்.

ஒரு ஊர் வாயை மூட முடியுமா? சாயங்காலத்துக்குள் விஷயம் சந்தை வரைக்கும் போய்விட்டது. மறுநாள் காலையில் லேப் வாசலில் வரிசை. அன்றிலிருந்து எங்கள் ஆஸ்பத்திரியில் எல்லாரும் குனிந்தார்கள். எத்தனை விதமாகக் குனிந்தார்கள் என்கிறீர்கள்! மூட்டு வலிக்காரர்கள் முதலில் பின்பக்கத்தை உள்ளே அனுப்பி அப்புறம் தலையை அனுப்பினார்கள். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், குனிவது தன் மரியாதைக்குக் குறைவு என்று உட்கார்ந்து உட்கார்ந்தே நகர்ந்து போனார். ஒரு தாத்தா கைத்தடியால் ரிப்பனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே நுழைந்தார். "கை வைக்கலியே, தடியத்தானே வெச்சேன்" என்று சட்டம் பேசினார். பொடிசுகள் மட்டும் எந்தப் பிரச்சனையும் இல்லாமல் நடந்து போய், ஊசியைப் பார்த்ததும் அதைவிட வேகமாக நடந்து வெளியே வந்தன.

ஒரு மதியம், ஆள் இல்லாத நேரம் பார்த்து சுற்றறிக்கை வந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார்.

"சும்மா மெஷின் எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு..."

"பாருங்க சார். அப்படியே கையையும் நீட்டுங்க."

சர்க்கரை கூடியிருந்தது. மனுஷன் இடிந்து போய் உட்கார்ந்துவிட்டார். மறுநாளிலிருந்து டீயில் சர்க்கரை நிறுத்தினார், சாயங்காலம் நடக்க ஆரம்பித்தார். அதோடு, வரிசையில் நிற்பவர்களிடம் "தலை ஜாக்கிரதை, இன்னும் கொஞ்சம் குனிங்க, ரிப்பன்ல படக் கூடாது" என்று சொல்லித் தருகிற வேலையையும் தானாகவே எடுத்துக்கொண்டார்.

மாதங்கள் ஓடின. விருந்தினர் வருகிறார், வருகிறார் என்று செய்தி மட்டும் வந்தது. நாத்தனார் முகத்தில் ரத்தம் ஏறியது, வாயும் கூடவே ஏறியது. ஒவ்வொரு தடவையும் டெஸ்ட்டுக்கு வரும்போது வயிறு கொஞ்சம் பெரிதாக இருக்கும். குனிவது கொஞ்சம் கஷ்டமாக இருக்கும். "மெதுவா, மெதுவா" என்று நான் கையைப் பிடித்துக்கொள்வேன். "நான் ஒண்ணும் சொல்லலப்பா, மெஷின் வாங்கினவங்க வாசலையும் சேத்து வாங்கியிருக்கலாம்" என்று முனகிக்கொண்டே உள்ளே போவாள். ஆனால் உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் அவள் முகத்தில் ஒரு திருப்தி தெரியும். என்னவோ பெரிய ஆபீஸர் சீட்டில் உட்கார்ந்த மாதிரி. எனக்கு அது அப்போது விளங்கவில்லை.

கடைசியில் ஒருநாள் விருந்தினர் நிஜமாகவே வருகிறார் என்று உறுதியானது. மேலதிகாரி காலையிலேயே வந்துவிட்டார். பழைய ரிப்பன் பலர் தலை உரசி நிறம் மங்கி நூல் பிரிந்திருந்தது. "வெயில்ல வெளுத்துடுச்சு சார்" என்றார் சுற்றறிக்கை. லேப் வாசலில் வெயில் எந்தக் காலத்திலும் விழுந்ததில்லை. மேலதிகாரி அதைக் கழற்றி எறிந்துவிட்டு, புதிதாகப் பட்டு ரிப்பன், நல்ல அகலம், இரண்டு வரிசை, நடுவில் காகிதப் பூ, எல்லாம் வைத்து விறைப்பாகக் கட்டினார். முன்பைவிட இன்னும் தாழ்வாக. தட்டில் கத்தரிக்கோல் பளபளத்தது.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் ஆட்டோவில் நாத்தனாரை அழைத்துக்கொண்டு வந்து இறங்கினார். அவள் கால் இரண்டும் வீங்கியிருந்தன. தலை பிளக்கிறது, கண் மங்குகிறது என்றாள். "நான் ஒண்ணும் சொல்லலப்பா" இல்லை. அது இல்லை என்றதும் நான் டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன்.

டாக்டரம்மா பிரஷர் பார்த்தாள். எகிறியிருந்தது. உடனே ஒரு ஊசி போட்டாள். "உடனே அனுப்பணும். ஆனா எங்க அனுப்பறதுன்னு தெரியணும். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு குறைஞ்சிருந்தா, ஈரல் பாதிச்சிருந்தா, பக்கத்து ஆஸ்பத்திரில ஒண்ணும் பண்ண முடியாது. அங்க போய் அலைஞ்சா நேரம் போயிடும். நேரா பெரிய ஆஸ்பத்திரிக்கே போகணும். டெஸ்ட் பாத்துடுங்க, அதுக்குள்ள ஆம்புலன்ஸ் வந்துடும்."

நாத்தனாரைத் தாங்கிக்கொண்டு லேப் வாசலுக்கு வந்தேன். மேலதிகாரி குறுக்கே வந்தார்.

"என்னம்மா இது! விருந்தினர் கார் கிளம்பிடுச்சு. ஒரு அரை மணி நேரம் பொறுக்க முடியாதா?"

நாத்தனார் குனிய முயன்றாள். வயிறு விடவில்லை. இன்னொரு தடவை முயன்றாள். கால் தடுமாறி என் மேல் சாய்ந்தாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"முடியல அண்ணி" என்றாள்.

எனக்கு என்ன வந்தது என்று தெரியாது. எட்டித் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்தேன். ஒரே வெட்டு. பட்டு ரிப்பன் இரண்டு பக்கமும் போய் விழுந்தது. காகிதப் பூ மேலதிகாரியின் ஷூ மேல் போய் உட்கார்ந்தது.

"ஐயையோ!" என்று அவர் கத்தியது எதிர் டீக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். "உன் வேலை போச்சு! என் வேலையும் போச்சு!"

"போனா போகட்டும் சார். வழி விடுங்க."

நாத்தனார் முதல் தடவையாக நிமிர்ந்து லேப்புக்குள் போனாள். ரத்தம் எடுத்தேன். சின்ன மெஷின் சீட்டு கொடுத்தது, அப்புறம் பெரிய மெஷினும் கொடுத்தது. டாக்டரம்மா பார்த்ததும் போனை எடுத்தாள். தட்டணு இறங்கியிருந்தது, ஈரலும் முரண்டு பிடிக்க ஆரம்பித்திருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் தயாராக வைக்கச் சொன்னாள். ஆம்புலன்ஸ் வந்தது. என் வீட்டுக்காரர் கூட ஏறிக்கொண்டார். நானும் ஏறப் போனேன். மேலதிகாரி என் மணிக்கட்டைப் பிடிக்காத குறையாக மறித்தார்.

"நீ எங்க போற? அவர் வந்தா மெஷினை யார் ஓட்டிக் காட்டறது?"

ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. அன்றைக்கு அந்த ஆள் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை இங்கே எழுதினால் அச்சில் வராது.

மேலதிகாரியும் சுற்றறிக்கையும் சேர்ந்து ரிப்பன் இரண்டு முனையையும் முடிச்சுப் போட்டு, முடிச்சை மறைக்கக் காகிதப் பூவை வைத்து முடிப்பதற்குள் விருந்தினர் கார் உள்ளே நுழைந்தது. குள்ளமான, வழுக்கையான, சிரித்த முகமான மனுஷன். முடிச்சைப் பார்த்தார். அதையே வெட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். வெட்டிய ரிப்பன் தரையில் கிடக்க, டாக்டரம்மா குனிந்து உள்ளே போனாள். பின்னால் சுற்றறிக்கை குனிந்து போனார். நானும் குனிந்தேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒன்றுமில்லாத வாசலில் குனிந்து குனிந்து நுழைந்தார்கள். விருந்தினர் திகைத்துப் பார்த்துவிட்டு, ஏதோ மரியாதை போலிருக்கிறது என்று தானும் லேசாகக் குனிந்து வைத்தார்.

"முதல் டெஸ்ட் எனக்கே எடுங்க" என்று கையை நீட்டினார். எடுத்தேன். மெஷின் சீட்டைக் கொடுத்தது. அதில் மேலே வரிசை எண் இருக்கும் என்பது எங்கள் யார் மண்டையிலும் உறைக்கவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

"நான் முதல் ஆள் இல்லையா? ஆயிரத்துச் சொச்சம்னு போட்டிருக்கே?"

மேலதிகாரியின் முகத்தில் ஈயாடவில்லை. "முதல் ஆள்தான் சார்" என்றார் சுற்றறிக்கை, "ரிப்பன் வெட்டினதுக்கப்புறம்." அப்புறம் அதுவும் பொய் என்று நினைவு வந்து, "இல்ல, ரெண்டாவது" என்று திருத்தினார். சொன்னேனே, பொய் சொல்லத் தெரியாத ஆள்.

டாக்டரம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். குனிந்தது, வரிசை, ஆம்புலன்ஸ், ரிப்பன், எல்லாம். விருந்தினர் பொறுமையாகக் கேட்டார். என் வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நான் கையுறையைக் கழற்றினேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"நான் இழுத்தடிச்சதுதான் தப்பு. அது போகட்டும், எனக்கு ஒரு சந்தேகம். வெளிய இந்த வராந்தாவுலயே உக்கார வெச்சு ரத்தத்தை எடுத்துட்டு, நீங்க மட்டும் ட்யூபோட உள்ள குனிஞ்சு போயிருக்கலாமே? எதுக்கு ஊரையே குனிய வெச்சீங்க?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தாள். நான் சுற்றறிக்கையைப் பார்த்தேன். அவர் உத்தரத்தைப் பார்த்தார். இத்தனை மாசம், இத்தனை பேர், ஒருத்தருக்காவது தோன்றியதா? மரமண்டைகள்! அந்த மரமண்டைகளில் தலைமை மண்டை நான். விருந்தினர் சிரிக்க ஆரம்பித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து மேலதிகாரியும் சிரித்தார். அப்போதுதான் என் வேலை போகவில்லை என்று எனக்குப் புரிந்தது.

அன்று சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். கொஞ்சம் சின்னது, ஆனால் குரல் மட்டும் அம்மா வழி. சரியான நேரத்தில் சரியான இடத்துக்கு அனுப்பினீர்கள் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னாராம். இரண்டு பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது தாயும் பிள்ளையும் கண் விழித்திருந்தார்கள். எனக்கு வாசலிலேயே அழுகை வந்துவிட்டது. மறைக்கவெல்லாம் இல்லை, நன்றாக அழுதேன்.

அப்புறம் அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று விருந்தினர் கேட்ட கேள்வியைச் சொன்னேன். நாங்கள் எல்லாரும் திருதிருவென்று விழித்ததை நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு அது ரெண்டாவது தடவை வந்தப்பவே தோணிடுச்சு அண்ணி."

"அடிப்பாவி! தோணினா வாயத் தொறந்து சொல்றதுதானே? இந்த வயித்த வெச்சுக்கிட்டு எதுக்குக் குனிஞ்சே?"

அவள் குழந்தையின் போர்வையைச் சரி செய்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. போன தடவை வெளியில பாருன்னு குத்திக் குடுத்தீங்க. அப்ப மெஷின் இல்ல, நீங்க என்ன பண்ணுவீங்க. ஆனா இந்தப் பிள்ளையச் சுமந்துக்கிட்டு ஒவ்வொரு தடவையும் உள்ள வரணும்னு எனக்கு இருந்துச்சு. வெளிய உக்காரக் கூடாதுன்னு. அதான் குனிஞ்சேன்."

அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. சுவரில் ஃபேன் ஸ்விட்ச் இருந்தது. எழுந்து போய் அவளுக்குப் பிடித்த மாதிரி முழு வேகத்தில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் ஒரு தும்மல்.

"அண்ணி" என்றாள் நாத்தனார், குழந்தையை நெஞ்சோடு இழுத்துப் பிடித்துக்கொண்டு. "பாப்பாவுக்குக் குளிரும். கொஞ்சம் குறைச்சு வைங்களேன்."

எழுந்து போய்க் குறைத்தேன்.